சீரம் சிவப்பா வந்தா எந்த ரிசல்ட்டை விடலாம், எதை நிறுத்தணும்?

பகுப்பாளர்7 (கேள்வி)

எமர்ஜென்சியில் இருந்து வரும் சாம்பிள்களில் ஹீமோலைசிஸ் (சிவப்பணு உடைந்து உள்ளே இருப்பது சீரத்தில் கசிவது) அதிகமாக இருக்கிறது. ஒரு உதாரணம் தருகிறேன். கேனுலா (நரம்பில் போட்டுவைக்கும் மெல்லிய குழாய்) போட்ட கையோடு அதிலிருந்தே சிரிஞ்சில் ரத்தம் இழுத்து ட்யூப்களுக்கு மாற்றிய சாம்பிள். ஜெல் ட்யூபில் சீரம் ரோஸ் நிறம். எச்-இன்டெக்ஸ் (ஹீமோலைசிஸ் அளவுக்கு மெஷின் தரும் எண்) 180. எங்கள் மெஷினில் அந்த எண், ஒரு டெசிலிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் ஹீமோகுளோபின் வெளியே கிடக்கிறது என்பதற்கு ஏறக்குறைய சமம்.

பொட்டாசியம் 6.2, சோடியம் 139, கிரியேட்டினின் 0.9, ஏஎஸ்டி 44, ஏஎல்டி 27, எல்டிஎச் 402 (இவை மூன்றும் செல்லுக்குள் இருக்கும் என்சைம்கள்), மொத்த பிலிருபின் 0.7. ஈசிஜி-யில் பொட்டாசியம் கூடியதற்கான அடையாளம் இல்லை என்கிறார்கள்.

முழு சாம்பிளையும் ரிஜெக்ட் பண்ணணுமா, இல்லை பாதிக்கப்பட்டதை மட்டும் நிறுத்திவிட்டு மற்றதை விடலாமா? ட்யூட்டி டாக்டர், "ஹீமோலைசிஸுக்கு எவ்வளவு கழிச்சுக்கணும்னு சொல்லுங்க, நான் பார்த்துக்கறேன்" என்கிறார். அப்படிக் கழிக்கலாமா? உடம்புக்குள்ளேயே சிவப்பணு உடைகிற நோயாளி என்றால் அதை எப்படிப் பிரித்தறிவது?

சீரம்வாசி

முழுசா ரிஜெக்ட் பண்ண வேண்டாம். ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் எச்-இன்டெக்ஸ் வரம்பு தனி. ரீஏஜென்ட்டோடு வரும் இன்சர்ட்டில் போட்டிருப்பார்கள், அதை மெஷினிலோ மிடில்வேரிலோ (மெஷினுக்கும் லேப் கம்ப்யூட்டருக்கும் நடுவில் உள்ள மென்பொருள்) ஏற்றிவிட்டால் வேலை தானாக நடக்கும். கண்ணால் பார்த்து "லேசா, மிதமா, அதிகமா" என்று எழுதுவதை இன்டெக்ஸ் உள்ள மெஷின் இருக்கும்போது விட்டுவிடலாம். ஒரே ட்யூபை ரெண்டு பேர் பார்த்தால் ரெண்டு பதில் வரும். மஞ்சள் காமாலை சாம்பிளில் சிவப்பு மறைந்தே போகும்.

கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்த்தால் எது எவ்வளவு நகரும் என்பது பிடிபடும். ஹீமோகுளோபின் 14, ஹெமடோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் சதவீதம்) 42 உள்ள ரத்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்த சிவப்பணுக்களில் நூற்றுக்கு 0.4 பங்கு உடைந்தாலே சீரத்தில் டெசிலிட்டருக்கு 100 மில்லிகிராம் அளவுக்கு ஹீமோகுளோபின் சேர்ந்துவிடும். உங்கள் 180-க்கு உடைந்தது முக்கால் சதவீதம்தான். அந்த முக்கால் சதவீதம் எவ்வளவு கொட்டுகிறது?

சிவப்பணுவுக்குள் பொட்டாசியம் லிட்டருக்கு 100 மில்லிமோல் வாக்கில் இருக்கிறது, வெளியே 4. ஆக 0.5 முதல் 0.6 வரை ஏறும். எல்டிஎச் உள்ளே சுமார் 160 மடங்கு, அதனால் 170 யூனிட் பக்கம் கூடும். ஏஎஸ்டி சுமார் 40 மடங்கு, 5 யூனிட் கூடலாம். ஏஎல்டி 7 மடங்குதான், 1 யூனிட்டுக்கு மேல் போகாது. சோடியம் செல்லுக்குள் குறைவு, எனவே நீர்த்துப்போகும். ஆனால் இந்த அளவில் 1 மில்லிமோல்கூட இறங்காது. கிரியேட்டினின், யூரியா அசையாது. மெக்னீசியம், பாஸ்பேட் ரெண்டும் செல்லுக்குள் அதிகம், அவற்றுக்கும் வரம்பு பார்த்துக்கொள்ளுங்கள். இரும்புக்குப் பலரும் பயப்படுவார்கள். வழக்கமான ஃபெர்ரோசின் முறையில் ஹீமோகுளோபினுக்குள் இருக்கும் இரும்பு விடுபடாது, நினைக்கிற அளவுக்கு ஏறாது. சீரம் ஃபோலேட் அப்படியில்லை, செல்லுக்குள் பல மடங்கு இருப்பதால் லேசான ஹீமோலைசிஸிலேயே நார்மலாக மாறிவிடும், குறைபாடு மறைந்துபோகும்.

கசிவு மட்டும் பிரச்சினை இல்லை. ஹீமோகுளோபின் 415, 540, 575 நானோமீட்டர் பக்கங்களில் ஒளியை உறிஞ்சும். அந்த அலைநீளத்தில் படிக்கும் டெஸ்ட் எல்லாம் மாட்டும். வேதிவினையிலும் தலையிடும். டயசோ என்ற நிறவினை முறையில் அளக்கும் பிலிருபினில் ஹீமோகுளோபின் வினையைக் கெடுத்து அளவைக் குறைத்துக் காட்டும், டைரக்ட் பிலிருபினில் இன்னும் மோசம். குதிகாலைப் பிதுக்கி எடுத்த பச்சைக்குழந்தை சாம்பிளில் இது பெரிய ஆபத்து. ஒளிச்சிகிச்சை வேண்டிய குழந்தைக்கு வேண்டாம் என்று ஆகிவிடும். சிகே-யில் (தசை என்சைம்) வேறு கூத்து: சிவப்பணுவில் இருந்து வரும் அடினைலேட் கைனேஸ், ரீஏஜென்ட்டில் அதற்கென்றே தடுப்பான் போட்டிருந்தாலும் அதிக ஹீமோலைசிஸில் தாண்டி வந்து சிகே-யை உயர்த்தும். இன்சுலினைச் சிவப்பணுவின் என்சைம் சிதைத்துவிடும், பொய்யாகக் குறையும். ட்ரோபோனின் டி குறையும். ட்ரோபோனின் ஐ எந்தப் பக்கம் போகும் என்பது கிட்டைப் பொறுத்தது, இன்சர்ட்டைப் படித்தே ஆகணும்.

இப்போது உங்கள் சாம்பிளுக்கு வருகிறேன். எல்டிஎச் 402-இல் 170-ஐ எடுத்தால் 230 பக்கம், கணக்கு இடிக்கவில்லை. ஏஎஸ்டியும் சரி. பொட்டாசியம்தான் உதைக்கிறது. 6.2-இல் 0.6 போனாலும் 5.6 மிச்சம். கிரியேட்டினின் 0.9 உள்ள ஆளுக்கு 5.6 ஏன்? ஹீமோலைசிஸ் மேல் பழியைப் போட்டு மூடிவிடாதீர்கள். கால்சியமும் ஏஎல்பி-யும் (இன்னொரு என்சைம்) எவ்வளவு வந்தது?

பகுப்பாளர்7

கால்சியம் 7.4, ஏஎல்பி 31. ஆல்புமின் 4.1.

சீரம்வாசி

அப்போ இடிடிஏ (ஊதா மூடி ட்யூபில் ரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள்) கலந்திருக்கு.

ஆல்புமின் நார்மல், கால்சியம் இவ்வளவு குறைவு, ஏஎல்பி-யும் கீழே, பொட்டாசியம் மேலே. இந்த நாலும் ஒன்றாக வந்தால் வேறு எங்கும் தேட வேண்டாம். ஊதா மூடி ட்யூபில் இருப்பது இடிடிஏ-யின் பொட்டாசியம் உப்பு. அது கால்சியத்தைக் கவ்விக்கொள்ளும். ஏஎல்பி வேலை செய்யத் துத்தநாகமும் மெக்னீசியமும் தேவை, அதையும் பிடுங்கிவிடும். மெக்னீசியம் போட்டுப் பார்த்தால் அதுவும் குறைந்திருக்கும். சிரிஞ்சில் எடுத்து முதலில் ஊதா ட்யூபில் விட்டு, அதே ஊசியால் ஜெல் ட்யூபைக் குத்தினால் போதும். அதைவிட மோசம், ஊதாவில் அதிகமாகிவிட்டது என்று மூடியைத் திறந்து ஜெல் ட்யூபில் ஊற்றுவது.

மெல்லிய கலப்பில் கால்சியம் நார்மல் வரம்புக்குள்ளேயே நின்றுகொண்டு பொட்டாசியம் மட்டும் அரை பாயிண்ட் ஏறியிருக்கும். சந்தேகம் இருந்தால் சீரத்தில் இடிடிஏ அளக்கும் டெஸ்ட்டே இருக்கிறது, வசதியுள்ள லேபில் போடுகிறார்கள்.

கழித்துச் சொல்வது பற்றி: கூடாது, இந்த சாம்பிளே அதற்கு நல்ல காரணம். 0.6 கழித்து "5.6" என்று சொல்லியிருந்தால் அதுவும் தப்பு, உண்மை 4.6-ஆகவும் இருக்கலாம். நான் மேலே போட்ட கணக்கு எது சாத்தியம், எது சாத்தியமில்லை என்று பார்ப்பதற்கு மட்டும். ஆளுக்கு ஆள் ஹெமடோகிரிட் மாறும், செல்லுக்குள் இருக்கும் பொட்டாசியம் மாறும். கூடவே வெள்ளையணுவும் தட்டணுவும் உடைந்திருந்தால் அவை கொட்டிய பொட்டாசியம் எச்-இன்டெக்ஸில் தெரியவே தெரியாது. இன்னொன்று: பொட்டாசியம் 3.0 உள்ள நோயாளியின் ஹீமோலைஸ் ஆன சாம்பிள் 3.7 என்று அழகாக நார்மல் காட்டும். கூடுதலாக வந்தால் யாராவது கேள்வி கேட்பார்கள். நார்மலாக வந்த பொய்யை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதனால் வரம்பு தாண்டினால் மதிப்பு எவ்வளவாக இருந்தாலும் பொட்டாசியத்தை நிறுத்துங்கள்.

இந்தக் குறிப்பிட்ட சாம்பிளில் இடிடிஏ கலந்திருப்பதால் கால்சியம், ஏஎல்பி, மெக்னீசியம், இரும்பு எதையும் விடாதீர்கள். ஒரே வரியில் "மறு சாம்பிள்" என்று போய்விடுவது உத்தமம்.

நரம்புதேடி

லேபில் எவ்வளவு இன்டெக்ஸ் பார்த்தாலும் சரி, இது உருவாவது கட்டில் பக்கத்தில்தான். எமர்ஜென்சியில் முக்கியக் காரணம் நீங்களே எழுதியிருக்கிறீர்கள், கேனுலா. அது மருந்தை உள்ளே விடச் செய்த குழாய், ரத்தம் இழுக்கச் செய்ததில்லை. இணைப்புகளில் அகலம் திடீரென்று மாறும் இடத்தில் ரத்தம் சுழன்று அடிபடும். நரம்பின் சுவரை நுனி கவ்விக்கொண்டால் இன்னும் உறிஞ்சிப் பிழியும். முடிந்தவரை முழங்கை மடிப்பில் தனியாக 21 கேஜ் ஊசியால் எடுங்கள், நரம்பு மெல்லியதென்றால் 22 அல்லது 23 பட்டர்ஃபிளை. 25-க்குப் போனால் அழுத்தம் கூடி செல் உடையும். ரொம்பப் பெரிய ஊசியும் நல்லதில்லை, ரத்தம் ட்யூபுக்குள் வேகமாகப் பாய்ந்து மோதும்.

கேனுலாவைத் தவிர வழியே இல்லை என்றால்: குறைந்த வேக்யூம் உள்ள சின்ன ட்யூப் வையுங்கள். சிரிஞ்சில்தான் என்றால் 20 மில்லி வேண்டாம், 5 அல்லது 10 மில்லி எடுத்து, பிஸ்டனை மெதுவாக, ரத்தம் வரும் வேகத்துக்கு இழுங்கள். நுரை வந்தால் அந்த சாம்பிள் போச்சு என்று வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது மாற்றும் இடம். பாதி சாம்பிள் இங்கேதான் கெடுகிறது என்று தோன்றும். சிரிஞ்சின் ஊசியோடு ரப்பர் மூடியைக் குத்திப் பிஸ்டனை அழுத்தினால், வேக்யூம் ஒரு பக்கம் இழுக்க, கட்டைவிரல் மறுபக்கம் தள்ள, மெல்லிய ஊசி வழியே ரத்தம் பீய்ச்சியடிக்கும். இதற்கென்று டிரான்ஸ்ஃபர் டிவைஸ் இருக்கிறது. அதை மாட்டி, பிஸ்டனைத் தொடாமல், ட்யூப் தானாக எவ்வளவு இழுக்கிறதோ அவ்வளவு விடுங்கள். கையில் குத்திக்கொள்ளும் அபாயமும் போகும்.

ட்யூப் வரிசை: பிளட் கல்ச்சர், சிட்ரேட், சீரம், ஹெப்பாரின், இடிடிஏ, ஃப்ளோரைடு. இதை மாற்றினால் மேலே பார்த்த கால்சியம் 7.4 கதைதான்.

டூர்னிகெட் ஒரு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். கோடு வரை நிரப்புங்கள். பாதி ட்யூபில் மிச்ச வேக்யூமும் அதிகப்படியான உப்பும் செல்லைப் படுத்தும். ஃப்ளோரைடு ட்யூபில் இது நன்றாகத் தெரியும். கலக்குவது என்றால் தலைகீழாக மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்துவது: சிட்ரேட் 3-4 முறை, சீரம் 5, ஹெப்பாரினும் இடிடிஏ-யும் 8 முதல் 10. குலுக்குவது இல்லை.

ஆல்கஹால் காயாமல் குத்தினால் ஹீமோலைஸ் ஆகும் என்று எல்லா வகுப்பிலும் சொல்வார்கள். ஊசி நுனியில் ஒட்டும் அந்தத் துளி அப்படியொன்றும் பெரிதாகச் செய்வதில்லை. காயவிட வேண்டியது கிருமி சாகவும், நோயாளிக்கு எரியாமல் இருக்கவும். ஹீமோலைசிஸ் குறையவில்லை என்றால் ஸ்பிரிட்டைப் பார்த்துக்கொண்டு நிற்காமல் கேனுலாவைப் பாருங்கள்.

சுழற்சி1300

லேபுக்குள் வந்த பிறகு கெடுப்பதும் உண்டு, அதைச் சேர்க்கிறேன். க்ளாட் ஆக்டிவேட்டர் ட்யூபை நிமிர்த்தி 30 நிமிடம் வையுங்கள், வெறும் கண்ணாடி ட்யூப் என்றால் 60. அவசரத்தில் முழுதாக உறையாததைச் சுற்றினால் ஃபைப்ரின் இழைகள் மிதக்கும். அதைக் குச்சி விட்டுக் கிளறி எடுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள், குச்சி செல்லை உடைக்கும்.

சென்ட்ரிஃப்யூஜை ஆர்பிஎம் பார்த்து வைக்காதீர்கள், ஜி-விசை பாருங்கள். ஸ்விங் பக்கெட்டில் ஜெல் ட்யூபுக்கு 1000 முதல் 1300 ஜி, 10 நிமிடம். ஜி = 0.00001118 × ஆரம் (செமீ) × ஆர்பிஎம்-இன் வர்க்கம். ஆரம் 15 செமீ என்றால் 1300 ஜி-க்கு 2800 ஆர்பிஎம் பக்கம் வரும். வேறு ரோட்டரில் அதே 2800 போட்டால் வேறு விசை.

ஜெல் ட்யூபை ரெண்டாவது முறை சுற்றவே கூடாது. முதல் சுற்றில் ஜெல்லுக்குக் கீழே செல்லோடு மாட்டிக்கொண்ட சீரம், பொட்டாசியத்தில் ஊறிப்போய், மறு சுற்றில் மேலே வந்து கலக்கும். சீரம் சிவக்காமலே பொட்டாசியம் ஏறும். இதே போல இன்னொன்று, பிரிக்காத ரத்தத்தை ஃப்ரிட்ஜில் வைப்பது. குளிரில் சோடியம்-பொட்டாசியம் பம்ப் நின்றுபோய் பொட்டாசியம் கசிந்துகொண்டே இருக்கும், செல் உடைவதில்லை. எச்-இன்டெக்ஸ் 5, பொட்டாசியம் 7 என்று வந்தால் ட்யூப் எங்கே இருந்தது, எத்தனை மணிக்கு எடுத்தது என்று கேளுங்கள். எடுத்த 2 மணி நேரத்துக்குள் பிரித்துவிட்டால் இந்தத் தலைவலி இல்லை.

நியூமாடிக் ட்யூப் (காற்றழுத்தத்தில் சாம்பிளை லேபுக்கு அனுப்பும் குழாய்) சந்தேகமா? ஒரே குத்தில் ஒரே மாதிரி ரெண்டு ட்யூப் எடுத்து ஒன்றை அதில் அனுப்பி, இன்னொன்றைக் கையில் கொண்டுவந்து இன்டெக்ஸை ஒப்பிடுங்கள். சில நோயாளிகளிடம் செய்தாலே தெரிந்துவிடும். வெள்ளையணு லட்சக்கணக்கில் உள்ள லுகேமியா நோயாளிகளின் சாம்பிளை அதில் அனுப்பவே வேண்டாம். அந்தச் செல்கள் லேசான அதிர்ச்சிக்கே உடையும், ஹீமோகுளோபின் இல்லாததால் இன்டெக்ஸ் மௌனமாக இருக்கும், பொட்டாசியம் எகிறும். கையில் எடுத்துவந்து உடனே பிளட் காஸ் மெஷினில் போடுங்கள்.

பிளட் காஸ் என்றதும் ஒரு எச்சரிக்கை. அது முழு ரத்தத்தை அளக்கிறது. பெரும்பாலான மெஷின்களில் ஹீமோலைசிஸ் கண்டுபிடிக்க வழி கிடையாது. லேபில் ரிஜெக்ட் ஆனதும், "காஸ் மெஷினில் 5.9 வந்துச்சே, அதையே எடுத்துக்கறோம்" என்பார்கள். அந்த சிரிஞ்சும் அதே கேனுலாவில் இருந்துதான் வந்திருக்கும். சிரிஞ்சில் மிச்சம் இருந்தால் ஒரு மைக்ரோஹெமடோகிரிட் குழாயில் ஏற்றி, முனையை அடைத்து, 5 நிமிடம் சுற்றி, பிளாஸ்மாப் பகுதியை வெள்ளைக் காகிதத்தின் மேல் வைத்துப் பாருங்கள். சிவந்திருந்தால் அந்த 5.9-உம் நம்பகமில்லை. வெளிறிய மஞ்சளாக இருந்தால் ஹீமோலைசிஸ் அளவில் அந்த எண்ணில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

சிபிசி-யிலும் (ரத்த அணுக்களை எண்ணும் டெஸ்ட்) தடயம் உண்டு. செல் உடைந்தாலும் மெஷின் ஹீமோகுளோபினை அளக்கும்போது எல்லாவற்றையும் உடைத்துத்தான் அளக்கிறது, அதனால் ஹீமோகுளோபின் மாறாது. சிவப்பணு எண்ணிக்கையும் ஹெமடோகிரிட்டும் இறங்கும், எம்சிஹெச்சி (சிவப்பணுவுக்குள் ஹீமோகுளோபின் செறிவு) ஏறும். 37-ஐத் தாண்டினால் பிளாஸ்மாவைப் பாருங்கள். ரத்தத்தில் கொழுப்பு மிதந்தாலும், கோல்டு அக்லூட்டினின் (குளிரில் சிவப்பணுக்களை ஒட்டவைக்கும் ஆன்டிபாடி) இருந்தாலும் எம்சிஹெச்சி ஏறும். பின்னதை 37 டிகிரியில் சூடாக்கி மறுபடி ஓட்டினால் இறங்கிவிடும். உடைந்த துண்டுகளைத் தட்டணு என்று எண்ணிவிடும் மெஷின்களும் உண்டு, ஸ்மியர் (கண்ணாடியில் பூசி மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும் ரத்தம்) பார்க்காமல் விடாதீர்கள்.

உறைதல் டெஸ்ட்டுக்கான சிட்ரேட் ட்யூப் சிவந்திருந்தால் பேச்சே இல்லை, ரிஜெக்ட். உடைந்த செல்களின் சவ்வு உறைதலைத் தூண்டும், பிடி, ஏபிடிடி (உறைய ஆகும் நேரங்கள்) எந்தப் பக்கம் நகரும் என்று சொல்ல முடியாது, டி-டைமர் கூடலாம். ஒளியை வைத்து உறைதலைப் பார்க்கும் மெஷினில் நிறமும் தடங்கல். மெக்கானிக்கல் மெஷினில் நிறத் தடங்கல் போகும், ட்யூபுக்குள் ஏற்கெனவே தொடங்கிய உறைதல் போகாது.

சீரம்வாசி

மூன்றாவது கேள்வி விட்டுப்போச்சு, உடம்புக்குள் உடைவது.

முதல் துப்பு: தனித்தனியாகக் குத்தி எடுத்த ரெண்டு சாம்பிளும், எல்லா ட்யூப்களும் ஒரே அளவு சிவந்திருந்தால் சந்தேகப்படுங்கள். எடுக்கும்போது உடைந்தது என்றால் ட்யூபுக்கு ட்யூப் வித்தியாசம் இருக்கும். அடுத்து ஹாப்டோகுளோபின். உடம்புக்குள் வெளிவரும் ஹீமோகுளோபினை அது பிடித்துக்கொள்ளும், அந்த ஜோடியை மேக்ரோஃபேஜ்கள் விழுங்கிவிடும், ரத்தத்தில் ஹாப்டோகுளோபின் தீர்ந்துபோகும். ட்யூபுக்குள் உடைந்தால் விழுங்க ஆளில்லை, அளவு பெரும்பாலும் அப்படியே இருக்கும். மூன்றாவது பொட்டாசியம். உடம்புக்குள் மெல்ல உடைந்தால் சிறுநீரகம் வெளியேற்றிவிடும், எல்டிஎச் ஆயிரத்தைத் தாண்டியும் பொட்டாசியம் நார்மலாக நிற்கும். ட்யூபில் உடைந்ததில் அந்தப் பொருத்தமின்மை வராது. கூடவே இன்டைரக்ட் பிலிருபின், ரெட்டிகுலோசைட் (புதிதாக வந்த சிவப்பணு), ஸ்மியரில் உடைந்த அல்லது உருண்ட செல்கள், நேரடி கூம்ப்ஸ் (சிவப்பணு மேல் ஒட்டிய ஆன்டிபாடியைத் தேடும் டெஸ்ட்). சிறுநீர் பட்டையில் ரத்தம் பாசிட்டிவ், மைக்ரோஸ்கோப்பில் சிவப்பணு இல்லை என்றால் அதுவும் ஒரு கை கொடுக்கும்.

இங்கே நடைமுறைத் தவறு ஒன்று உண்டு. ரத்தம் மாறி ஏற்றப்பட்ட நோயாளியின் சாம்பிள் சிவந்துதான் வரும். "ஹீமோலைஸ்டு, மறு சாம்பிள் அனுப்பவும்" என்று மூன்று முறை திருப்பினால் நாம் திருப்பியது நோயின் அடையாளத்தையே. ஒழுங்காக எடுத்த ரெண்டாவது சாம்பிளும் சிவந்தால் போனை எடுத்து, ரத்தம் ஏற்றியதா, செயற்கை வால்வு உண்டா, ஜி6பிடி (சிவப்பணுவைக் காக்கும் என்சைம்) குறைபாடா, எக்மோவில் (உடம்புக்கு வெளியே ரத்தத்தில் ஆக்சிஜன் ஏற்றும் மெஷின்) இருக்கிறாரா என்று கேளுங்கள். அது உடம்புக்குள் நடப்பது என்று உறுதியானால் எல்டிஎச், ஏஎஸ்டி எண்கள் உண்மையான எண்கள், விட்டுவிடலாம். டயசோ பிலிருபின், ஒளி சார்ந்த குறுக்கீடுள்ள டெஸ்ட்கள் அப்போதும் கெட்டதுதான். ஹீமோகுளோபின் எங்கே உடைந்து வந்தது என்பது க்யூவெட்டுக்கு (மெஷினில் ஒளி பாய்ச்சி அளக்கும் சின்னக் கிண்ணம்) தெரியாது.

பகுப்பாளர்7

இடிடிஏ கோணம் தோன்றவே இல்லை, நன்றி. மறு சாம்பிள் கேட்டாச்சு, தனி ஊசியில் எடுக்கச் சொல்லியிருக்கோம். ரிப்போர்ட்டில் என்ன எழுதுவது? இப்போது "சாம்பிள் ஹீமோலைஸ்டு" என்று ஒரு வரி போட்டு எல்லா எண்ணையும் விடுகிறோம்.

சீரம்வாசி

அந்த ஒரு வரியை யாரும் படிப்பதில்லை, எண்ணைத்தான் படிப்பார்கள். பாதிக்கப்பட்ட டெஸ்ட்டின் எண் இருக்கும் இடத்திலேயே எண்ணுக்குப் பதில் வார்த்தை வரணும். "பொட்டாசியம்: சாம்பிளில் சிவப்பணுச் சிதைவு, எச்-இன்டெக்ஸ் 180, முடிவு தரப்படவில்லை, மறு சாம்பிள் தேவை." பாதிக்கப்படாத கிரியேட்டினின், சோடியத்துக்குக் கீழே ஒன்றும் வேண்டாம், சும்மா பயமுறுத்தும். வார்டுக்குப் போன் செய்த நேரத்தையும் எடுத்துக்கொண்டவர் பெயரையும் சிஸ்டத்தில் பதியுங்கள்.

உயிர்போகும் அவசரத்தில் டாக்டர் எண் வேண்டும் என்று நின்றால், எங்கள் பாலிசியில் பயோகெமிஸ்ட் ஒருவர் வாய்மொழியாக "அளந்தது இவ்வளவு, இதில் ஹீமோலைசிஸ் பங்கு இருக்கிறது, உண்மை இதைவிடக் குறைவு" என்று மட்டும் சொல்லலாம். கழித்த எண் சொல்லக் கூடாது, ரிப்போர்ட்டிலும் ஏறாது. மறு சாம்பிள் வரும் வரை ஈசிஜி-யைப் பார்த்து டாக்டர் முடிவெடுப்பார்.

நரம்புதேடி

ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்: ரிஜெக்ட் ஆகும்போது எடுத்த விதத்தையும் (கேனுலா, பட்டர்ஃபிளை, சிரிஞ்ச்), எடுத்த இடத்தையும் பதிவில் ஒரு கட்டமாக வையுங்கள். ஒரு மாதப் பதிவைப் பிரித்துப் பார்த்தால் எந்த வார்டு, எந்த முறை என்று தெரிந்துவிடும். எமர்ஜென்சிக்குப் போய்ப் பேசும்போது "உங்கள் சாம்பிள் மோசம்" என்பதைவிட "கேனுலாவில் எடுத்தது இத்தனை, தனி ஊசியில் எடுத்தது இத்தனை" என்று காட்டினால் கேட்பார்கள்.